சலவை இயந்திரத்தில் தண்ணீர் ஏறவில்லையா? மெக்கானிக்கை அழைக்கும் முன் இதைப் பாருங்கள்

ஜொகூரில் நம் குடும்பங்கள் பலவற்றில் துணி துவைப்பது வார இறுதியில்தான். விடியற்காலையில் சிங்கப்பூருக்குப் புறப்படுபவர்கள், தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள் என்று எல்லாருடைய வேலை உடுப்பும் அன்றுதான் துவைக்கப்படும். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையும் அன்றைக்கே உலர்ந்தால்தான் மறுநாள் பள்ளிக்குப் போட முடியும்.

அந்த நாள் பார்த்துச் சலவை இயந்திரம் 'உம்' என்று உறுமிக்கொண்டே நிற்கும். தண்ணீர் நூல் போல் விழும், அல்லது விழவே விழாது. "மெஷின் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். மெக்கானிக் வருகிறார், பணம் போகிறது. சில வீடுகளில் புது இயந்திரமே வந்து இறங்குகிறது. அதிலும் தண்ணீர் ஏறாதபோதுதான், பழுது இயந்திரத்தில் இல்லை, தண்ணீர் வரும் வழியில் இருக்கிறது என்பது தெரிகிறது.

அந்த வழியை வரிசையாகச் சோதிப்பது எப்படி என்பதைப் பார்ப்போம். இதில் பெரும்பகுதியை வீட்டில் இருப்பவர்களே செய்யலாம்.

இயந்திரம் தண்ணீரை உறிஞ்சுவதில்லை

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சலவை இயந்திரம் தண்ணீரை உள்ளே இழுப்பதில்லை. அதில் பம்ப் இருந்தாலும், அது அழுக்குத் தண்ணீரை வெளியேற்றத்தான். உள்ளே வரும் தண்ணீருக்கு இருப்பது ஒரு சிறிய மின் வால்வு மட்டுமே. 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தியதும் அந்த வால்வு திறக்கும், தேவையான அளவு நிரம்பியதும் மூடும்.

ஆகவே தண்ணீர் தன் சொந்த அழுத்தத்தில்தான் உள்ளே வர வேண்டும். சாலைக் குழாய், மீட்டர், வீட்டுத் தொட்டி, குழாய், ஹோஸ், வடிகட்டி வலை, வால்வு என்று ஏழு இடங்களைக் கடந்து வருகிறது. இவற்றுள் எங்கே அடைப்பு இருந்தாலும் குற்றம் இயந்திரத்தின் தலையில்தான் விழும்.

முதல் சோதனை: ஒரு வாளியும் ஒரு கடிகாரமும்

தொடங்குமுன் இயந்திரத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. உள்ளே இருக்கும் வால்வு வீட்டு மின்சாரத்தில்தான் இயங்குகிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அதைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.

பிறகு குழாயை மூடி, இயந்திரத்தின் பின்புறத்தில் ஹோஸைக் கழற்றுங்கள். அதன் வாயை 10 லிட்டர் வாளியில் விட்டுக் குழாயை முழுமையாகத் திறந்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

ஒரு நிமிடத்திற்குள் நிரம்பினால் தண்ணீர் நன்றாக வருகிறது. பழுது வடிகட்டி வலையிலோ இயந்திரத்திலோ இருக்க வேண்டும்.

நான்கு நிமிடம் ஆனால் நிமிடத்திற்கு இரண்டரை லிட்டர்தான் வருகிறது என்று அர்த்தம். 50 லிட்டர் பிடிக்கும் இயந்திரம் நிரம்ப 20 நிமிடம் ஆகும். குறிப்பிட்ட நேரத்திற்குள் நிரம்பாவிட்டால் பல இயந்திரங்கள் பிழை என்று காட்டி நின்றுவிடும். இங்கே இயந்திரம் பழுதில்லை, காத்திருந்து சலித்துவிட்டது. கோளாறு குழாய்ப் பக்கம்தான்.

அடுத்து ஹோஸையும் கழற்றிவிட்டு வெறும் குழாயில் அதே வாளியை வையுங்கள். குழாயில் வேகமாகவும் ஹோஸில் மெதுவாகவும் வந்தால் ஹோஸ் மடிந்திருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது. இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது பின்னால் ஹோஸ் நசுங்குவது வழக்கமாக நடப்பதுதான். சுவருக்கும் இயந்திரத்திற்கும் இடையே ஒரு கை நுழையும் அளவு இடம் விடுங்கள்.

அதிகம் அடைபடும் இடம்: வடிகட்டி வலை

ஹோஸ் இயந்திரத்தோடு சேரும் வாயினுள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சிறிய வலை இருக்கும். சில ஹோஸ்களில் குழாய்ப் பக்கத்திலும் ஒன்று இருக்கும். மணல், துரு, குழாய்த் துகள் ஆகியவை வால்வுக்குள் போகாமல் தடுப்பது இதன் வேலை. நாளடைவில் அது பழுப்புச் சேற்றால் மூடிக்கொள்ளும்.

வலையின் நடுவில் உள்ள சிறு முனையைப் பிளையரால் பிடித்து மெதுவாக நேராக இழுத்தால் வெளியே வந்துவிடும். பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, மறுபடி அதே இடத்தில் பொருத்துங்கள். "அடைத்துக்கொண்டே இருக்கிறது" என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வலை இல்லாவிட்டால் மணல் நேராக வால்வுக்குள் போகும். வலையைக் கழுவ ஐந்து நிமிடம் போதும். வால்வு கெட்டால் மாற்றத்தான் வேண்டும்.

மூன்று மாதத்திற்கு ஒரு முறையும், ஒவ்வொரு பெரிய நீர் விநியோகத் தடைக்குப் பிறகும் இந்த வலையைப் பார்ப்பது நல்லது.

ஒரு மாடி வீடுகளில் தொட்டியின் உயரம்

தாமான் வீடுகளில் பொதுவாகச் சமையலறைக் குழாய்க்குச் சாலைக் குழாயிலிருந்து நேரடியாகத் தண்ணீர் வரும். குளியலறை போன்ற மற்ற இடங்களுக்குச் சீலிங்கின் மேல் உள்ள தொட்டியிலிருந்து வரும். உங்கள் சலவை இயந்திரம் எதில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியுமா? மீட்டர் அருகே உள்ள வால்வை மூடிவிட்டு அந்தக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் தொடர்ந்து வந்தால் அது தொட்டித் தண்ணீர். சற்று நேரத்தில் நின்றுவிட்டால் அது நேரடி இணைப்பு.

தொட்டித் தண்ணீருக்கு உயரம்தான் பலம். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். பல இயந்திரங்களின் கையேட்டில் குறைந்தபட்சம் 0.3 முதல் 0.5 பார் வரை தேவை என்று போட்டிருக்கும். சில கையேடுகளில் இதை 0.03 முதல் 0.05 மெகா பாஸ்கல் என்று எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். அதாவது இயந்திரத்தின் நுழைவாயிலிலிருந்து மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் இருக்க வேண்டும்.

ஒரு மாடி வீட்டில் தொட்டி தரையிலிருந்து சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும். இயந்திரத்தின் நுழைவாயோ தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மீதி இரண்டு மீட்டர்தான். அது 0.2 பார் அழுத்தத்தைத்தான் கொடுக்கும். குளிக்க வாளியில் பிடிக்க இது போதும், இயந்திரத்திற்குப் போதாது. இரண்டு மாடி வீட்டில் கீழ்த்தளத்தில் இருக்கும் இயந்திரத்திற்கு இந்தத் தொல்லை குறைவு.

இதற்குத் தீர்வு மூன்று. ஒன்று, உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரைக் கொண்டு சமையலறை நேரடி இணைப்பிலிருந்து ஒரு கிளை எடுப்பது. இரண்டு, தொட்டிக்கும் இயந்திரத்திற்கும் இடையே ஒரு சிறிய பம்ப் வைப்பது. மூன்று, புதிதாக வாங்குவதாக இருந்தால் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் ரகத்தைக் கேட்டு வாங்குவது. கடையில் எத்தனை கிலோ பிடிக்கும் என்று மட்டும் கேட்காமல், குறைந்தபட்ச நீர் அழுத்தம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

பம்ப் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பம்ப் தொட்டிக்குப் பிறகுதான் வர வேண்டும். சாலைக் குழாயிலிருந்து நேரடியாக உறிஞ்சும்படி அதைப் பொருத்தக்கூடாது. அது பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீரை இழுத்துவிடும். நிலத்தடிக் குழாயில் வெடிப்பு இருந்தால் சுற்றியுள்ள அழுக்கு நீரும் உள்ளே வந்து, எல்லாரும் குடிக்கும் தண்ணீரில் கலந்துவிடும்.

வீடு முழுதும் மெதுவாக வந்தால்

எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் மெதுவாக வந்தால் முதலில் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். அங்கேயும் அப்படி என்றால் அது வட்டார விநியோகப் பிரச்சினை. ஜொகூரில் நீர் விநியோகம் செய்யும் ரன்ஹில் எஸ்.ஏ.ஜே. நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மீட்டருக்குப் பிறகு உள்ள குழாய்களைப் பாருங்கள். மீட்டர் வரை நிறுவனத்தின் பொறுப்பு, மீட்டருக்குப் பிறகு வீட்டுக்காரரின் பொறுப்பு.

பழைய வீடுகளில் துருப்பிடித்த இரும்புக் குழாய்களின் உட்புறம் ஆண்டுக்கணக்கில் சுருங்கி, விரல் நுழையும் இடத்தில் பென்சில் நுழையும் அளவுதான் மிஞ்சியிருக்கும். அதற்குக் குழாயை மாற்றுவதுதான் வழி. தொட்டியில் மிதவை வால்வு சிக்கிக்கொண்டு தொட்டி நிரம்பாமல் இருப்பதும் உண்டு. ஏணி வைத்து ஏறிப் பார்க்க ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும்.

சாலைக் குழாயில் அழுத்தம் காலையிலும் மாலையிலும் குறைந்து, பின்னிரவில் கூடும். நேரடி இணைப்பு உள்ளவர்கள் துவைக்கும் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம்.

தோட்டத்து வீடுகளில்

தோட்ட லயங்களில் நிலைமை வேறு. ஒரே பெரிய தொட்டியிலிருந்து நீண்ட குழாயில் வரிசையாக எல்லா வீடுகளுக்கும் தண்ணீர் போகும். வேலை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டிற்குச் சொட்டுத்தான் கிடைக்கும். அங்கே முழுத் தானியங்கி இயந்திரம் வாங்குவது பல நேரங்களில் வீண் செலவு.

இரட்டைத் தொட்டி உள்ள அரைத் தானியங்கி இயந்திரம் அத்தகைய இடத்திற்குப் பொருத்தம். அதற்கு மின் வால்வு கிடையாது, குறைந்தபட்ச அழுத்தமும் தேவையில்லை. ஹோஸில் மெதுவாக நிரப்பலாம், வாளியில் மொண்டும் ஊற்றலாம். தண்ணீர்த் தடை நாள்களிலும் வேலை செய்யும்.

ஆற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ தண்ணீர் வரும் இடங்களில் இயந்திரத்திற்கு முன் ஒரு வண்டல் வடிகட்டி பொருத்துவது நல்லது. அதன் உள்ளுறையைக் காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே புதிய அடைப்பாகிவிடும்.

லயம் முழுவதும் தண்ணீர் போதவில்லை என்றால் அது ஒரு வீட்டின் பிரச்சினை அல்ல. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446), தொழிலாளர் குடியிருப்புக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் வழங்குவதை முதலாளியின் கடமையாக்குகிறது. முதலில் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவை அணுகலாம்.

தண்ணீர் நிற்காமல் வந்தால்

சில வீடுகளில் பிரச்சினை நேர்மாறானது. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அப்போது இயந்திரம் ஓடும்போதே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மின்சாரம் இல்லாதபோதும் தண்ணீர் வந்தால் வால்வில் துகள் சிக்கி மூடாமல் இருக்கிறது. உடனே குழாயை மூடுங்கள். மின்சாரம் போனதும் தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நன்றாக இருக்கிறது. நீர்மட்டத்தை அளக்கும் உணரியிலோ அதற்குப் போகும் மெல்லிய காற்றுக் குழாயிலோ கோளாறு. இது மெக்கானிக்கின் வேலை.

அழுத்தம் மிகக் குறைவாக இருந்தாலும் வால்வு சரியாக மூடாது. வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை இறுக்கி மூடுவது தண்ணீரின் அழுத்தம்தான். ஓட்டாத நேரத்திலும் தொட்டியில் தண்ணீர் சேர்ந்திருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

தண்ணீர் நன்றாக வந்தும் நிரம்பவே இல்லை என்றால் அது வெளியே போய்க்கொண்டிருக்கிறது. முன்கதவு இயந்திரத்தில் கழிவு ஹோஸ் தரையில் கிடந்தால் தண்ணீர் தானாகவே இறங்கி ஓடிவிடும். அதன் முனை கையேட்டில் சொன்ன உயரத்தில், பொதுவாக 60 முதல் 100 சென்டிமீட்டருக்குள், மாட்டியிருக்க வேண்டும். மேல்மூடி இயந்திரத்தில் கழிவு ஹோஸ் தாழ்வாக இருப்பதுதான் சரி. அங்கே நிரம்பாவிட்டால் கழிவு வால்வில் சில்லறைக் காசோ சட்டைப் பட்டனோ கொண்டை ஊசியோ சிக்கியிருக்கும்.

வால்வு மூடும்போது சுவரில் 'டங்' என்று சத்தம் கேட்டால் அழுத்தம் மிக அதிகம். குழாயைச் சிறிது மூடி வைத்துப் பாருங்கள், தளர்ந்த குழாய்களைச் சுவரோடு இறுக்குங்கள்.

திரையில் தெரியும் எழுத்துகள்

தண்ணீர் வரவில்லை என்பதை எல்ஜி இயந்திரங்கள் 'ஐ இ' என்றும், சாம்சுங் '4 இ' அல்லது '4 சி' என்றும், பானசோனிக் 'யு 14' என்றும், எலக்ட்ரோலக்ஸ் 'இ 10' என்றும் காட்டுவது வழக்கம். ரகத்திற்கு ரகம் மாறலாம் என்பதால் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்த எழுத்துகளைக் கண்டதும் பலகை எரிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். மேலே சொன்ன சோதனைகளைத் தொடங்குங்கள் என்பதுதான் அதன் பொருள்.

கதவு சரியாகப் பூட்டாதது, தாமதமாகத் தொடங்கும் பொத்தானைத் தெரியாமல் அழுத்தியது, சுடுநீர் இணைப்பு இல்லாத வீட்டில் சுடுநீரைத் தேர்ந்தெடுத்தது ஆகியவற்றாலும் தண்ணீர் வராமல் இருக்கும். முதலில் இவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தண்ணீர்த் தடை முடிந்த மறுநாள்

ஜொகூர் மக்களுக்கு நீர் விநியோகத் தடை புதிதல்ல. 2015ஆம் ஆண்டின் பிற்பாதியில் சுங்கை லெபாம், சுங்கை லாயாங் அணைகளின் நீர்மட்டம் இறங்கியபோது கோத்தா திங்கி, மாசாய், பாசிர் கூடாங் வட்டாரங்களில் நீர்ப் பங்கீடு அமல்படுத்தப்பட்டது. ஜொகூர் ஆற்றில் அமோனியா அளவு உயர்ந்ததால் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டிய நிலையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்தது.

காலியான குழாயில் தண்ணீர் திரும்பி வரும்போது காற்றும் துருவும் வண்டலும் சேர்ந்தே வரும். வலை அடைபடுவதும் வால்வு கெடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். எனவே தடை தொடங்கியதும் இயந்திரத்தின் குழாயை மூடிவிடுங்கள். தண்ணீர் வந்த பிறகு வெளிக் குழாயைத் திறந்து தெளியும் வரை ஓட விடுங்கள். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை கழுவலாம். பிறகு வலையைப் பார்த்துவிட்டு முதலில் பழைய துணிகளை ஒரு சுற்று ஓட்டுங்கள். பள்ளிச் சீருடையை அதற்குப் பிறகு போடுங்கள்.

மஞ்சள் கறை பட்டுவிட்டால் குளோரின் பிளீச் ஊற்றாதீர்கள். அது இரும்புக் கறையை இன்னும் அழுத்தமாகப் பதித்துவிடும். துணியைக் காய விடாமல் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலக் கரைசலோ தடவி, சற்று நேரம் ஊற வைத்து அலசுங்கள்.

ஹோஸும் இணைப்பும்

குழாய் மூக்கில் நான்கு சிறு திருகுகளால் பிடித்து நிற்கும் பிளாஸ்டிக் இணைப்பு பல வீடுகளில் இருக்கிறது. திருகு தளர்ந்து, அழுத்தம் கூடும் இரவில் அது கழன்றுகொண்டால் விடியும்போது வீடு குளமாகியிருக்கும். மரை உள்ள சலவை இயந்திரக் குழாயை மாற்றிப் போடுவது பாதுகாப்பு. ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும்.

ஹோஸைப் பொருத்தும்போது உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கசிவைத் தடுப்பது அந்த வளையம்தான். கையால் இறுக்கி, பிறகு பிளையரால் கால் சுற்று கொடுத்தால் போதும். மேலும் இறுக்கினால் பிளாஸ்டிக் மரை வெடிக்கும். புது இயந்திரம் வந்தால் அதோடு வந்த புது ஹோஸையே போடுங்கள். உப்பியிருந்தால், வெடித்திருந்தால், ஐந்து ஆண்டு கடந்திருந்தால் ஹோஸை மாற்றிவிடுங்கள். துவைத்து முடித்ததும் குழாயை மூடும் பழக்கம் எல்லாவற்றையும்விட மேலானது. வீட்டு மின்பெட்டியில் உள்ள மின்கசிவுத் தடுப்புக் கருவியின் சோதனைப் பொத்தானையும் மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

மெக்கானிக் வரும்போது

வாளி நேரத்திற்குள் நிரம்பி, வலையும் சுத்தமாக இருந்து, அப்படியும் தண்ணீர் ஏறாவிட்டால் வால்வையோ பலகையையோ சந்தேகிக்கலாம். அப்போது மெக்கானிக்கை அழையுங்கள். வாளிச் சோதனையின் விவரத்தைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். வந்து பார்க்கும் கட்டணம், உதிரிப்பாக விலை, கூலி ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தேவையற்ற பாகத்தை மாற்றிப் பணம் வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் ரசீது தேவை.

அடுத்த முறை இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு வாளியை எடுங்கள். கோளாறு குழாயிலா இயந்திரத்திலா என்பதை அந்த வாளியே சொல்லிவிடும்.